வன்னி ரோட்டுக்கு எந்தப் பென்ஸ்? ஈ கிளாஸ் கேள்வி பதில்

போன கிழமை, "பென்ஸ் ஈ கிளாஸைப் பற்றிக் கேள்வி இருக்கிற ஆக்கள் கேளுங்கோ, ஒரேயடியா எழுதிறன்" எண்டு சொல்லியிருந்தன். நினைச்சதை விடக் கனக்க வந்திட்டுது. ஒரே மாதிரியானதுகளை ஒண்டாக்கிப் போட்டன். என்னைத் தெரியாத ஆக்களுக்கு: கொழும்பில பென்ஸ் வேலை பழகி, இப்ப கிளிநொச்சியில கராச் வச்சிருக்கிறன்.

முதலே ஒண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். 123, 124, 210 எண்டு நான் எழுதிறதெல்லாம் ஒவ்வொரு தலைமுறைக்கும் கொம்பனி வச்ச உள் இலக்கம். டிக்கியில ஒட்டியிருக்கிற 200, 240டி, 300டி எண்டதெல்லாம் எஞ்சினைச் சொல்லுது. ரெண்டையும் குழப்பினா சாமான் பிழையாத்தான் வந்து சேரும்.

மல்லாவியிலயிருந்து ஒரு தம்பி: ஈ கிளாஸ் எண்ட பேர் எப்ப வந்தது? அப்பாவின்ர பழைய காரில 240டி எண்டு மட்டும்தான் கிடக்கு.

அந்தக் கார் ஓடின காலத்தில அந்தப் பேரே இல்லை. 1993இல 124 மொடலுக்கு முகம் மாத்தேக்கதான் ஈ கிளாஸ் எண்டு வச்சாங்கள். அதுக்கு முந்தி 300ஈ எண்டு எழுத்துப் பின்னுக்கு நிக்கும், எரிபொருளைப் பீச்சி அடிக்கிற இன்ஜெக்சன் வச்ச பெற்றோல் எஞ்சின் எண்டதுக்கு அடையாளமா. கார்பரேற்றர் பென்ஸே இல்லாமப் போன பிறகு எழுத்தை முன்னுக்குக் கொண்டு வந்திட்டாங்கள்.

பேர் பிந்தி வந்தாலும் பரம்பரை பழசு. 1953இல பொன்ரன் எண்டு சொல்லுற 180, 1961இல 110, 1968இல 114உம் 115உம், 1976இல 123, 1984 கடைசியில 124, 1995இல 210, 2002இல 211, 2009இல 212, 2016இல 213, 2023இல 214. 240டி எண்ட எழுத்து 115இலயும் இருக்கு, 123இலயும் இருக்கு. முன் லைற்றைப் பாருங்கோ. நிமிர்ந்து நிண்டா 115, படுத்திருந்தா 123.

புதுக்குடியிருப்பு: அப்புவின்ர கலியாணப் படத்தில ஒரு பென்ஸ் நிக்குது, பின்பக்கம் ரெண்டு பக்கமும் மீன் செட்டை மாதிரி. அது என்ன?

110ஆ இருக்கும், இல்லாட்டி அதின்ர பெரிய தமையன் 111. செட்டை அமெரிக்காவில அப்ப இருந்த மோஸ்தர், கன காலம் நிக்கேல்ல. ஆனா அந்தக் காரில செட்டையைப் பாத்து ரசிச்சுப் போட்டுப் போகக்கூடாது. அடிபட்டா முன்னும் பின்னும் நசுங்கோணும், ஆக்கள் இருக்கிற நடுக்கூடு நசுங்கக்கூடாது எண்டு பேலா பரேனி எண்ட எஞ்சினியர் கண்டுபிடிச்ச முறை முதல் வந்தது 1959இல 111இலதான். அதுக்கு முந்தின ஆக்கள், கார் எவ்வளவு கல்லு மாதிரி இருக்குதோ அவ்வளவு பாதுகாப்பு எண்டு நினைச்சவை. இண்டைக்கும் எங்கட சனம் கராச்சில வந்து "பழைய கார்தான் இரும்பு, இப்பத்தைக் கார் தகரம்" எண்டு சொல்லுறது. நசுங்குறதுக்கெண்டே செய்த தகரம் அது.

படத்தைப் பத்திரமா வையுங்கோ. கார் நம்பர் தெரிஞ்சா எனக்கும் அனுப்புங்கோ.

ரொறன்ரோவிலயிருந்து ஒராள்: பெரியப்பாவின்ர 123, 240டி, கிளிநொச்சியில கொட்டிலுக்குள்ள நிக்குது. திருத்தி ஓட்ட ஆசை. ஏலுமோ? காசு கரியாப் போகுமோ?

கொட்டில் எண்டு சொன்னதால பாதி நம்பிக்கை இருக்கு. மழை வெயிலில நிண்டதெண்டா வேற கதை.

123ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா எனக்கு வந்த கேள்வியளில அரைவாசி இதைப் பற்றித்தான். 1976இலயிருந்து 10 வருஷத்தில கிட்டத்தட்ட 27 லட்சம் கார் செய்தவங்கள். வந்த புதுசில ஜேர்மனியில ஓடர் குடுத்திட்டு வருஷக் கணக்கில காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கட பக்கம் 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து விட்டதாலதான் ஓரளவு வந்தது. வேகம் எதிர்பார்க்கக்கூடாது. 200டி, 100க்கு ஏற அரை நிமிஷம் எடுக்கும். 240டி கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

எஞ்சின் தலை வார்ப்பு இரும்பு. சூடேறினாலும் லேசில வளையாது. அதுதான் இந்த எஞ்சினின்ர ஆயுளுக்கு முதற் காரணம். ரெண்டாவது, இதைக் கொம்பியூட்டர் இல்லாமப் பாக்கலாம். நீங்கள் வந்து நிக்கேக்க நானோ வேற ஆரும் மெக்கானிக்கோ செய்யிற முதல் சோதனையைச் சொல்லுறன். எஞ்சினைச் சூடாக்கி ஐட்லிங்கில விட்டிட்டு, ஓயில் ஊத்திற மூடியைத் திருகிக் கழட்டி, தலைகீழா அதே ஓட்டையில சும்மா வைப்பம். மூடி மெல்ல ஆடிக்கொண்டு கிடந்தா பிஸ்டன் ரிங் நல்லம். எகிறி விழுந்தா எஞ்சின் பிரிக்க வேண்டி வரும். ஒரு சதம் செலவில்லாத சோதனை.

அடுத்தது வக்கியூம், குழாயுக்குள்ள காத்தை உறிஞ்சி எடுக்க வாற இழுவை. இந்தக் காரில கதவுப் பூட்டும், எஞ்சினை நிப்பாட்டுறதும் வக்கியூமிலதான். கன வருஷம் நிண்ட காரில ரப்பர் குழாயள் வெடிச்சிருக்கும். சாவியைக் கழட்டிக் கையில வச்சிருப்பியள், எஞ்சின் தன்ர பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பயப்பிட வேண்டாம், பொனற்றைத் திறந்தா எஞ்சின்ர மேல்பக்கத்தில ஸ்டொப் எண்டு எழுதின ஒரு லீவர் இருக்கு, அதை அமத்த நிக்கும். பிறகு குழாயைத் தேடுங்கோ.

1980க்கு முந்தின காரெண்டா, ஸ்டார்ட் பண்ண முந்தி எஞ்சினைச் சூடாக்கிற குளோ பிளக் நாலும் ஒரே வரிசையில தொடுத்திருக்கும். ஒண்டு எரிஞ்சா நாலும் செத்த மாதிரித்தான். பிந்தின வகைக்கு மாத்திப் போடலாம், போடுங்கோ. வால்வ் இடைவெளியை இந்த எஞ்சினில கையால வைக்கோணும். 14 நம்பர் சாவி வளைச்சுச் செய்தது வச்சிருக்கிற ஆளாப் பாத்து விடுங்கோ. அந்தச் சாவி இல்லையெண்டா அவர் 123 பாக்கிறேல்ல எண்டு அர்த்தம்.

காசு கரியாப் போறது எஞ்சினில இல்லை, பொடியிலதான். ஜாக்கி வைக்கிற இடம், முன் மட்காட்டுக்குப் பின்பக்கம், பின் கண்ணாடி ரப்பருக்குக் கீழ, டிக்கியில ஸ்பெயார் சில்லுக் குழி: இந்த நாலையும் குத்திப் பாக்கச் சொல்லுங்கோ. நாலும் சுகமெண்டா கண்ணை மூடிக்கொண்டு தொடங்கலாம்.

மாங்குளம்: உந்தக் கார் பத்து லட்சம் கிலோமீற்றர் ஓடும் எண்டு சொல்லுறது புழுகா?

புழுகில்லை. கிரேக்க நாட்டில கிரிகோரியோஸ் சகினிடிஸ் எண்ட ரக்சிக்காரர் 240டி ஒண்டை 46 லட்சம் கிலோமீற்றர் ஓடி, 2004இல கொம்பனி மியூசியத்துக்கே குடுத்தவர். ஆனா அது 123 இல்லை, அதுக்கு முந்தின 115. எஞ்சினும் பல தரம் மாத்தித்தான் ஓடினவர். அந்தப் பிந்தின பாதியைச் சனம் சொல்லுறேல்ல.

விசுவமடுவிலயிருந்து ஒரு ஐயா: போர்க்காலப் பொருளாதாரத் தடை இருக்கேக்க ஓஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினதுகள். டீசல் பென்ஸையும் அப்பிடி ஓட்டலாமோ? 2022இல எரிபொருளுக்குக் கியூஆர் வரிசையில நிண்ட பிறகு இந்த யோசினை வருது.

ஐயா, உங்களுக்கு நான் சொல்லித் தர ஏலாத விஷயம், எண்டாலும் இளம் பெடியளுக்காக எழுதிறன். ஏ40 எஞ்சினின்ர அமுக்க விகிதம் ஏழுக்கு ஒண்டு அளவுதான். சின்னப் போத்தலில வச்ச பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில ஓடினது. இப்பத்தைப் பெற்றோல் காருக்கு அதைச் செய்தா எஞ்சின் தட்டத் தொடங்கும்.

டீசல் எஞ்சினில பிரச்சினை எரியிறதில இல்லை. 123 எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் எரியும். குளிர் நாடுகளில டீசல் உறையாமல் இருக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கலாம் எண்டு அந்தக் காலத்துக் கொம்பனிக் கைநூலிலயே இருக்கு. பிரச்சினை வழுக்குத் தன்மையில. மண்ணெண்ணெய் காஞ்ச எண்ணெய், பம்பை உராய விடும். 123இன்ர பம்புக்குள்ள இருக்கிற சுழலிக்கு எஞ்சின் ஓயில்தான் போகுது, அதாலதான் அது சகிச்சது. 1998இல 210க்கு வந்த சிடிஐ எண்ட புது வகை டீசல் எஞ்சினிலயிருந்து கதை மாறீட்டுது. அந்த உயர் அழுத்தப் பம்புக்கு எரிபொருளே ஓயில். டீசலைப் பீச்சிற பழைய இன்ஜெக்ரர் 115 பார் அழுத்தத்தில திறக்கும். 212இல வாற எஞ்சினில 2000 பார் வரைக்கும் போகுது. அதுக்குள்ள மண்ணெண்ணெய் போனா பம்ப் தேஞ்சு, அந்த இரும்புத் தூள் இன்ஜெக்ரர் நாலுக்குள்ளயும் போய், ராங்கிலயிருந்து எல்லாம் கழட்ட வேண்டி வரும். சிடிஐ வச்சிருக்கிற ஆக்கள் மண்ணெண்ணெய் எண்ட சொல்லையே காருக்குப் பக்கத்தில சொல்லாதேங்கோ. ஓட்டோ டீசலையும் விட்டு, சூப்பர் டீசலே அடியுங்கோ. கந்தகம் குறைவு.

வவுனியா: 123ஓ 124ஓ? ரெண்டும் ஒரே ஆளிட்ட விலைக்கு நிக்குது.

தினமும் ஓடவெண்டா 124. ஞாயிற்றுக்கிழமை கழுவி வச்சுப் பாக்கவெண்டா 123.

124ஐ நான் பெரிசாத்தான் சொல்லுவன், கோவிக்க வேண்டாம். கொம்பனி எஞ்சினியர்மார் கேட்டதெல்லாம் குடுத்துச் செய்த கடைசிக் கார் அது. புரூனோ சாக்கோவின்ர தலைமையில வரைஞ்ச பொடி. காத்து இழுவை 0.29 வரைக்கும் குறைஞ்சது. 123 0.42. அதாலதான் அதே டீசலில கூடத் தூரம் ஓடும். பின் சில்லுக்கு ஒவ்வொண்டுக்கும் அஞ்சு கம்பி வச்ச சஸ்பென்சன், 190 எண்ட சின்னப் பென்ஸில 1982இல வந்தது, இதுக்கும் போட்டாங்கள். ஏ9 ரோட்டில 90 கிலோமீற்றர் வேகத்தில போகேக்க விளங்காது. முறிகண்டி தாண்டி உள் கிரவல் ரோட்டுக்கு இறக்கிப் பாருங்கோ. ஒற்றை வைப்பர், சுத்தேக்க மூலைக்குக் கை நீட்டி எட்டித் துடைக்கும். நல்ல மழைக்கு அதைப் பாக்கிறதே வடிவு. பொனற் நேர நிமிர்ந்து நிக்கும், மெக்கானிக்குக்கு முதுகு நோகாது.

குறையையும் கேளுங்கோ. டீசல் எஞ்சின் தலை இதில அலுமினியம், 300டி ஆறு சிலிண்டர் சூடேறினா வெடிக்கும். தண்ணி குறையிற 300டி வேண்டாம். 250டி அஞ்சு சிலிண்டர் எடுங்கோ. டீசல் போற, உள்ளுக்குத் தெரியிற பிளாஸ்ரிக் குழாயில காத்துக் குமிழி தெரிஞ்சா, ஓ ரிங் எண்ட ரப்பர் வளையம் தேஞ்சு போச்சு, அதுதான் காலமை ஸ்டார்ட் எடுக்காது. 1993 தொடக்கம் வந்த பெற்றோல் காரெண்டா எஞ்சின் வயரிங்கைத் தொட்டுப் பாருங்கோ. அந்தக் காலத்து வயர் உறை பிஸ்கட் மாதிரி உதிரும், மாத்தினதோ எண்டு கேளுங்கோ. கடைசியா ஏசி. கூலிங் கொயில் ஒழுகினா டாஷ்போட் முழுக்கக் கழட்டோணும். சித்திரை வெயிலில ஏசி வேலை செய்யிறதை நீங்களே அரை மணித்தியாலம் இருந்து பாத்து வாங்குங்கோ.

அயல்நாட்டுச் செய்தி ஒண்டும்: இந்தியாவில பென்ஸ் முதன்முதல் பூட்டின கார் 124தான், 1995இல பூனாவில.

வவுனியாவிலயே இன்னொராள்: 210 ஒண்டு சரியான மலிவு. எடுக்கவோ?

மலிவுக்குக் காரணம் இருக்கு. நாலு கண் வச்ச முகம் அப்ப உலகமே பாத்தது. உள்ளுக்கு இடமும் கூட, ஸ்டியரிங்கும் நல்லம். ஆனா துரு. உலகம் முழுக்கப் பேர் போன விஷயம். முக்கியமா முன் ஸ்பிரிங் குந்தியிருக்கிற கிண்ணம் பொடியோட ஒட்டின இடத்தில அரிச்சுக் கழண்டு போகும். மட்காட் வடிவாத்தான் இருக்கும், உள்ளுக்கு அது நடக்கும். காரைத் தூக்கி, சில்லைக் கழட்டி, ரோச் அடிச்சுப் பாக்க விடாத ஆளிட்ட வாங்காதேங்கோ. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் நிண்டதெண்டா பாக்கவும் வேண்டாம்.

மன்னார், தொழிலில இருக்கிற தம்பி: அண்ணை, 211க்கு பிரேக் பாட் மாத்த ஏன் பயப்பிடச் சொல்லுறியள்?

விரலுக்காக. 2002இல வந்த 211இல எஸ்பிசி எண்ட பிரேக். நீங்கள் பெடலை அமத்தினா அது கொம்பியூட்டருக்குச் சொல்லும், பம்ப் பிரேக் பிடிக்கும். கதவைத் திறந்தாலோ றிமோட்டை அமத்தினாலோ அந்தப் பம்ப் முழிச்சுக்கொண்டு அழுத்தம் குடுக்கும். பிரேக் பாட்டை அமத்திற கலிப்பருக்குள்ள விரல் இருக்கேக்க வீட்டுப் பிள்ளை வந்து கதவைத் திறந்தா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. கொம்பியூட்டரைப் பூட்டி எஸ்பிசியைப் படுக்க வச்சுப் போட்டுத்தான் தொடோணும். ஸ்கானர் இல்லையெண்டா வேலையை எடுக்காதேங்கோ, அதில வெக்கம் இல்லை.

அந்தப் பம்ப் எத்தனை தரம் பிரேக் அமத்தினது எண்டு எண்ணி வச்சிருக்கும், கணக்கு முடிய மாத்தச் சொல்லும். 2004இலயும் 2005இலயும் கொம்பனி லட்சக்கணக்கில கார்களைத் திருப்பிக் கூப்பிட்டது. 2006இல முகம் மாத்தேக்க எஸ்பிசியைத் தூக்கிப் போட்டு வழமையான பிரேக் வச்சாங்கள். 211 வாங்கிறவை 2006க்குப் பிந்தினதைத் தேடுங்கோ.

பரந்தன்: 2018 மார்கழி வெள்ளத்தில நிண்ட 211. இப்ப ஓடுது. வாங்கலாமோ?

வேண்டாம். பெரிய பற்றரியும் பின் பியூஸ் பெட்டியும் டிக்கிப் பக்கம்தான். தண்ணி வத்தினாலும் பச்சைக் களிம்பு வயர் முனையில வளந்துகொண்டே இருக்கும்.

முல்லைத்தீவிலயிருந்து ஒரு அக்கா: மணவறை அலங்காரம் செய்யிறம். கலியாணக் காரும் எங்களிட்டக் கேக்கினம். வெள்ளை 212 எடுத்தா ஹையருக்கு ஓடுமோ?

அக்கா, ஓடும். 2013இல முகம் மாத்தினதைப் பாருங்கோ. முந்தினதுக்கு முன்னுக்கு நாலு லைற் துண்டு துண்டா இருக்கும், பூமாலை போட்டாலும் முகம் கோவமாத்தான் நிக்கும். எங்கட சனம் படத்துக்குப் பிந்தினதைத்தான் விரும்புது.

எஞ்சின் விஷயம் கவனம். 2009 தொடக்கத்தில வந்த ஈ 200, ஈ 250 பெற்றோலில ரைமிங் செயின் இழுபட்டு, கம் ஷாஃப்ற் பல்லுத் தேயிற குறை உலகம் அறிஞ்சது. காலமை முதல் ஸ்டார்ட்டில ரெண்டு மூண்டு செக்கன் கடகட எண்டு சத்தம் வந்தா விட்டிட்டு வாங்கோ. அதனாலதான் எஞ்சின் ஆறி இருக்கேக்க போய்ப் பாருங்கோ எண்டு சொல்லுறன். நீங்கள் வாறீங்கள் எண்டு சொல்லி, அவர் முதலே சூடாக்கி வச்சிருந்தா அதுவும் ஒரு பதில்தான். டீசலில செயின் கியர் பொக்ஸ் பக்கம் இருக்கு, அதில கை வைக்கிறதெண்டா பெரிய வேலை. ஆனா அடிக்கடி வராது.

இன்னொண்டு. 2020 மார்ச்சில இறக்குமதி நிப்பாட்டி, 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. அந்த அஞ்சு வருஷத்தில ஏறின விலையை ஆக்கள் இன்னும் மனசில வச்சுக் கேக்கிறாங்கள். லீசிங் எடுக்க முந்தி, மாசத்துக்கு எத்தனை முகூர்த்தம் எண்டு கலண்டரை எடுத்து எண்ணுங்கோ. ஆடியும் மார்கழியும் கார் நிக்கும், லீசிங் நிக்காது.

அறிவியல்நகர், எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளை: 213, 214இல உண்மையாவே புதுசு என்ன? திரையைத் தவிர.

நல்ல கேள்வி, பிள்ளை. திரையைத் தவிர எண்டு கேட்டதுக்கே ஒரு தேத்தண்ணி வாங்கித் தரலாம். 213இல ஈ 220டிக்கு வந்த ஓஎம்654 எஞ்சினைப் படியுங்கோ. முந்தினது 2143 சிசி, வார்ப்பு இரும்பு புளொக், 200 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. இது 1950 சிசி, அலுமினிய புளொக், 170 கிலோவுக்குள்ள, 194 குதிரை வலு. புளொக் அலுமினியம், பிஸ்டன் உருக்கு. வழமையா மற்றப் பக்கம்தானே? சூடேறேக்க உருக்கு குறைவா விரியும், அலுமினியம் கூட விரியும். சூட்டில இடைவெளி கூடி உராய்வு குறையும். சிலிண்டர் சுவருக்கு இரும்புக் கலவையை உருக்கி மெல்லிசாத் தெளிச்சிருக்கிறாங்கள். இதை உங்கட லெக்சரரிட்டயும் கேளுங்கோ.

214இல எல்லா எஞ்சினுக்கும் மின்சாரத் துணை வந்திட்டுது, மோட்டர் கொஞ்சமா உதவுற மைல்ட் ஹைபிரிட், இல்லாட்டி வெளியில சார்ஜ் பண்ணுற பிளக் இன். காத்து இழுவை 0.23. 124இலயிருந்து அவ்வளவு வருஷத்தில 0.06தான் குறைஞ்சிருக்கு எண்டு பாத்தா 124 செய்தவங்களை என்னெண்டு சொல்லுறது.

துணுக்காய்: ரொயோட்டா கிரவுன் இதை விடத் திறம் எண்டு எங்கட மாமா சொல்லுறார்.

மாமாவோட வாதாட வேண்டாம். கிரவுன் 1955இலயிருந்து வருது, பழுது குறைவு. ஆனா அது ஜப்பானுக்கெண்டு செய்த கார், 2022இல 16ஆவது தலைமுறையில உயர்த்தின குரொஸ்ஓவரா மாத்தியும் விட்டாங்கள். கொரோல்லா சாமான் எந்தச் சந்தியிலயும் கிடைக்கும் எண்டு நினைச்சுக் கிரவுன் வாங்கினா மாமாதான் கொழும்புக்குப் போக வேண்டி வரும்.

ஓமந்தை: பழைய பென்ஸ் சாமான் எங்க எடுக்கிறது? கடைக்காரர் ஒவ்வொரு தரமும் வேற சாமான் தாறார்.

பழசு எண்டா கொழும்பில பஞ்சிகாவத்தைதான். கடைக்காரரில பிழை சொல்லுறதுக்கு முந்தி, நீங்கள் என்ன சொல்லிக் கேட்டனீங்கள்? "240டிக்கு" எண்டா அவருக்கும் தெரியாது. பிந்தின 123 எண்டா சேசிஸ் நம்பர் 17 எழுத்து, டபிள்யூடிபி எண்டு தொடங்கும்; முந்தினதில அந்த எழுத்து இல்லாம நேர 123 எண்டே தொடங்கும். 123 எண்டு தொடங்கிற அந்த ஆறு இலக்கத்தைப் பாருங்கோ: 123120 எண்டா 200டி, 123123 எண்டா 240டி, 123130 எண்டா 300டி. பொனற்றைத் திறந்து துணியால துடைச்சு, வெளிச்சம் படப் போட்டோ எடுத்து, எஞ்சின் நம்பரையும் சேத்துக் கடைக்காரருக்கு அனுப்புங்கோ. கழட்டின பழைய சாமானையும் எறியாமக் கையோட கொண்டு போங்கோ.